பல் விழுந்த பதினெட்டு வயசு

— இடது பக்கத்தை விடாதே மொரேனா, இடது பக்கம்... சொல்லுங்க கொமாத்ரே. அந்தக் கார்டு எப்படி அவங்க கைக்குப் போச்சு?

— கோலைப் பாரு மிர்த்தலா. ஆட்டம் நடக்கும்போது கோல்கீப்பர்கிட்ட பேசறதே தப்பு. நான் வலைக்குப் பின்னாடி நிக்கறதை ரெஃப்ரி மூணு தடவை பாத்துட்டான்.

— நீங்க லீக் தலைவி. பாத்துட்டு அவன் என்ன பண்ணிடுவான். பந்து அந்தக் கோடியில கெடக்கு, பேசுங்க.

— என்னத்தைப் பேச. நேத்து போன்ல நீ அழுததுல பாதி எனக்கு வெளங்கவே இல்லை.

— இப்ப அழாம சொல்றேன். என் பொண்ணு தாமாரிஸ் நாளைக்கு கிளப்புல கையெழுத்துப் போடறதா இருந்துச்சு. பதினஞ்சு வயசுல. டிவியில காட்டற லீக்குல. சட்டைகூட அடிச்சு வச்சுட்டாங்க, முதுகுல எங்க குடும்பப் பேரு போட்டு. இப்ப எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்காங்க.

— அது வெளங்கிச்சு. ஏன்னுதான்...

— யாரோ நம்ம ஞாயித்துக்கிழமை லீக்கோட கார்டை ஜெராக்ஸ் எடுத்து அவங்களுக்கு அனுப்பியிருக்காங்க. தாமாரிஸோட கார்டை. அதுல இருக்கற பொறந்த வருஷத்தைக் கணக்குப் பண்ணினா அவளுக்கு இப்ப இருபத்திரண்டு வயசு. பதினஞ்சுன்னு சொல்லி எங்களை ஏமாத்தப் பாத்தீங்களாம்மான்னு கேக்கறாங்க.

— கடவுளே.

— கடவுளை விடுங்க. அந்த வருஷத்தை எழுதினது நீங்க. உங்க பச்சைப் பேனாவால எழுதினீங்க.

— பந்து வருது.

— பாத்துட்டேன்... ம். பிடிச்சாச்சு. யாரும் ஓடாதீங்கடி, மூச்சு வாங்கிக்குங்க. நம்மகிட்ட இருக்கறதே ஏழு பேரு.

— தாமாரிஸ் ஆடினா எட்டு.

— அவதான் இங்க ஆடக் கூடாதுன்னு கிளப்புல சொல்லிட்டாங்களே. அந்த மூலையில பாருங்க. மாங்காயைக் கடிச்சுக்கிட்டு, வெளிய போற பந்தைப் பொறுக்கிப் போட்டுக்கிட்டு இருக்கா. நேத்துலேர்ந்து சாப்பிட்டது அந்த மாங்காய் மட்டுந்தான். சோள மாவுல புபுசா சுட்டுக் குடுத்தேன், தொடலை.

— நான் அந்தப் பக்கம் பாக்கல. பாத்தா எனக்குத் தாங்காது.

— பாக்கணும் கொமாத்ரே. நீங்க எழுதினதுக்கு அவ மாட்டிக்கிட்டு நிக்கறா.

— நான் எழுதினேன், சரி. எதுக்கு எழுதினேன்? அன்னிக்கு அரையிறுதி. உன் டீம்ல ரெண்டு பேருக்கு ஓட்டல்ல திடீர்னு டூட்டி போட்டுட்டான், ஒருத்திக்குப் பிரசவ வலி வந்துடுச்சு. ஆறு பேரு நிக்கறீங்க. ஏழு பேரு இல்லேன்னா தோத்ததா எழுதணும், அதுவும் நானே போட்ட சட்டம். நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, கொமாத்ரே ஏதாவது பண்ணுங்கன்னு கெஞ்சினே.

— பத்து நிமிஷம் பொறுங்கன்னு கேட்டேன். கார்டு போடச் சொன்னேனா?

— பத்து நிமிஷத்துல வானத்துலேர்ந்தா ஆளு குதிக்கும்? உன் பொண்ணு என் பக்கத்துல நின்னு மாங்காய்க்கு மிளகாய்ப்பொடி தூவிக்கிட்டு இருந்தா. பதினோரு வயசு. நான் ஞானத்தாயா நின்ன பொண்ணு, அதனாலதானே நீ என்னைக் கொமாத்ரேன்னு கூப்பிடறே. இந்த லீக்குல பதினெட்டு ஆகாதவங்க ஆடக் கூடாது. சரி, ஏழு வருஷம் கூட்டிப் போட்டா யாரு செத்துப் போகப் போறாங்கன்னு நெனச்சேன்.

— உங்க லிப்ஸ்டிக்கை வேற பூசி விட்டீங்க.

— போட்டோவுக்கு. பெரிய பொண்ணாத் தெரியட்டுமேன்னு. வாயை மூடிக்கடின்னு தலையில அடிச்சுச் சொன்னேன். எடுக்கற நேரம் பாத்து சிரிச்சுட்டா.

— முன்னாடி ஒரு பல்லு இல்லாம.

— ஓரத்துக் கோரைப் பல்லுதான் அது. பால் பல்லு, அந்த வாரந்தான் விழுந்துச்சு. பல் விழுந்த பதினெட்டு வயசு. ரெஃப்ரி கார்டைப் பாக்கறான், அவளைப் பாக்கறான், என்னைப் பாக்கறான். நான் ஆகாசத்தைப் பாத்தேன்.

— என் தம்பியோட பூட்ஸை மாட்டி விட்டு, உள்ள ரெண்டு ஜோடி சாக்ஸைத் திணிச்சு அனுப்பினேன். பத்திரமா ஓரமா நில்லு, பந்து வந்தா அடிச்சு விட்டுடு, அவ்வளவுதான்னு சொன்னேன்.

— மூணு கோல் போட்டா.

— மூணு.

— அந்த ரெண்டாவது கோலை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, ரெண்டு பேரும் எருமை மாதிரி வராங்க, இவ நடுவுல பந்தைத் தட்டிட்டு குனிஞ்சு போயிட்டா. அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முட்டிக்கிட்டு விழுந்தாங்க. அன்னிக்கு சாயங்காலமே கார்டைத் திருப்பி, பின்பக்கத்துல மூணு கோடு போட்டேன். அதுலேர்ந்து ஒரு கோலைக்கூட நான் விட்டதில்லை. அஞ்சுக்கு ஒரு குறுக்குக் கோடு. இடம் பத்தாம பொடிசாப் போட்டுக்கிட்டு வந்தேன்.

— கோட்டை விடுங்க கொமாத்ரே. வருஷத்தைப் பத்திப் பேசுங்க... மொரேனா, பின்னாடி ஆளு, பின்னாடி. அப்பாடா. யாரு அனுப்பியிருப்பாங்க சொல்லுங்க.

— யாரு... எதிர்க்கத் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு நிக்கறாளே, அவளாத்தான் இருக்கும்.

— ருத்திலியாவா?

— நாலு வருஷமா அவ டீம் நம்மகிட்ட தோக்குது. வயித்தெரிச்சல் இருக்காதா.

— கார்டெல்லாம் உங்க தகரப் பெட்டியிலதானே இருக்கு? சாவி உங்க கழுத்துல தொங்குது.

— ஆட்டத்தன்னிக்கு எல்லாத்தையும் வெளிய எடுத்து மேஜை மேல பரப்பறோமில்ல? போன்ல ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்.

— இந்த ஆட்டம் முடியட்டும். நேரா போயி அவ தலைமுடியைப் பிடிச்சுக் கேக்கறேன்.

— வேண்டாம், வேண்டாம். விடு மிர்த்தலா.

— எதுக்கு விடணும்? எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டிருக்கா.

— அவதான்னு நான் பாத்தேனா? ஒரு பேச்சுக்குச் சொன்னேன். சண்டை போட்டா மட்டும் வருஷம் மாறிடுமா.

— சரி. வருஷத்தை மாத்தக்கூடியவங்க யாருன்னு சொல்றேன். கிளப்புலேர்ந்து அந்தப் பொண்ணு, ஹார்ட்விக், இங்க வருது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தாமாரிஸ் பேரை அவங்க லீக் ஆபீஸ்ல குடுக்கணும். கார்டைப் போட்டவங்க யாரோ அவங்க கைப்பட எழுதிக் குடுத்தாப் போதும்னு சொல்லுது. இந்த வருஷம் பொய், நான்தான் போட்டேன்னு ஒரு தாள்.

— பொறப்புச் சான்றிதழ் இருக்கே உன்கிட்ட.

— இருக்கு. அவ பொறந்து மூணு வருஷம் கழிச்சுத்தானே ஊரு ஆபீஸ்ல பதிஞ்சோம். அவ அப்பன் வடக்க, இந்த நாட்டுக்கு வந்துட்டான், நான் அங்க வயலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓடிக்கிட்டு இருந்தேன், யாரு போயி கியூவுல நிக்கறது. இப்ப கிளப்பு வக்கீல் கேக்கறான், பதியும்போது அவளுக்கு மூணு வயசா, பத்து வயசான்னு எப்படித் தெரியும்னு.

— மூணு வயசுக் குழந்தைக்கும் பத்து வயசுக் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியாத வக்கீலா?

— அவனுக்கு இருக்கறது பேப்பரு. அந்தக் கார்டு ஒண்ணைச் சொல்லுது, சான்றிதழ் வேற ஒண்ணைச் சொல்லுது. பள்ளிக்கூடத்துக்காரங்களும் அதே சான்றிதழைத்தான் நம்பினாங்க. எழுதிக் குடுங்க கொமாத்ரே. ஒரு தாள்தான்.

— ஒரு தாள்னு நீ சொல்றே. இந்த மைதானத்துக்கு வருஷா வருஷம் பார்க் ஆபீஸ்ல நான் ஒரு தாள் எழுதிக் குடுக்கறேன், தெரியுமா உனக்கு? பதினெட்டு ஆகாத யாரையும் பெரியவங்களோட ஆட விட மாட்டேன்னு. கீழ என் கையெழுத்து. அது பொய்னு என் கையாலயே எழுதிக் குடுத்தா, அடுத்த ஞாயித்துக்கிழமை இங்க பூட்டுத்தான் தொங்கும்.

— அவங்களுக்கு எப்படித் தெரியப் போவுது.

— பதினஞ்சு வயசுப் பொண்ணு பெரிய லீக்குல சேர்ந்தா அது பேப்பர்ல வராதா? வந்தா தோண்ட மாட்டாங்களா? பத்தொன்பது வருஷம் மிர்த்தலா. நாலு டீம்ல ஆரம்பிச்சேன், இன்னிக்குப் பதினாலு. ஆறு நாளு ஓட்டல் பாத்ரூம் கழுவறவங்க, ஆபீஸ் குப்பை அள்ளறவங்க, யாரோ பெத்த குழந்தையைத் தூக்கி வளக்கறவங்க. ஏழாவது நாளு இங்க வந்துதான் அவங்களுக்கு ஒரு பேரு இருக்கு, முதுகுல ஒரு நம்பர் இருக்கு. நான் அதைப் பறிச்சுட்டு எந்த மூஞ்சியோட தெருவுல நடப்பேன்?

— அப்ப எம் பொண்ணு?

— அவ கெட்டிக்காரி. இன்னும் மூணு வருஷம் போனா வேற கிளப்பு...

— மூணு வருஷமா? உங்களுக்கு லீக்கு முக்கியம், நீங்க ஞானஸ்நானத்துல சத்தியம் பண்ணின பொண்ணு முக்கியமில்லை. இதை அவ மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க பாப்போம். போங்க, அந்த மூலையிலதான் உக்காந்திருக்கா, போயி...

— மிர்த்தலா, பந்து.

— ஐயோ.

— உள்ள போயிடுச்சு.

— அந்த கோல் உங்களால போச்சு.

— திரும்பி நின்னது நீ.

— ஒண்ணுக்கு ஒண்ணு. பரவாயில்ல மொரேனா, என் தப்பு, என் தப்பு. தலையைத் தொங்கப் போடாதீங்க, நடுவுல வைங்க பந்தை.

— வணக்கம். இடையூறுக்கு மன்னிக்கவும். நான் கிளப்பிலிருந்து வருகிறேன். என் பெயர் ஹார்ட்விக். வலைக்குப் பின்னால் நிற்பதற்கு எனக்கு அனுமதி உண்டா?

— வாம்மா, வா. பாத்து நட. வாத்து எச்சம். இந்த மைதானத்துல புல்லைவிட அதுதான் ஜாஸ்தி.

— தாங்கள் எச்சரிப்பதற்கு முன்பே மிதித்துவிட்டேன். இரண்டு காலாலும்.

— எங்க ஸ்பானிஷ் பேச்சை இவ எங்க படிச்சா மிர்த்தலா? பாதிரியார் பூசை வைக்கற மாதிரியே பேசறா.

— கல்லூரியில் படித்தேன் அம்மையீர். என் ஆசிரியர் மிகவும் கண்டிப்பானவர்.

— கொமாத்ரே, கிண்டல் வேணாம். ஹார்ட்விக், இவங்கதான் ஒதிலியா மெஹீயா. லீக் தலைவி. எம் பொண்ணோட ஞானத்தாய்.

— தங்களைச் சந்திக்கவே வந்தேன். நேரம் குறைவு என்பதால் வெளிப்படையாகப் பேசுகிறேன். நாங்கள் அந்தப் பெண்ணை நம்புகிறோம். நான் அந்த அட்டையின் புகைப்படத்தைப் பார்த்தேன். பதினெட்டு வயதில் யாருக்கும் அந்தப் பல் விழாது. ஆனால் எங்கள் லீக்கின் தலைமை அலுவலகம் புகைப்படத்தைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். நாளை நண்பகலுக்குள் எழுத்தில் விளக்கம் தராவிட்டால் ஒப்பந்தம் ரத்து. பொய் வயது என்று பதிவாகிவிட்டால் வேறு எந்த கிளப்பும் அவளைத் தொடாது.

— மூணு வருஷம் கழிச்சுக்கூடவா?

— எப்போதுமே தொடாது.

— கொமாத்ரே.

— இரு. ஏம்மா ஹார்ட்விக், நான் எழுதிக் குடுக்கற தாளு பார்க் ஆபீஸுக்குப் போகுமா?

— நான் அனுப்ப மாட்டேன். ஆனால் அவர்கள் கேட்டால் மறைக்கவும் மாட்டேன். தங்களிடம் பொய்யான வாக்குறுதி தர எனக்கு விருப்பமில்லை.

— நல்ல பொண்ணுதான். கொஞ்சம் பொய் சொல்லியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

— காலைத் தூக்கி அடி மொரேனா, தூக்கி அடி. நேரத்தை ஓட்டுங்கடி. இன்னும் அஞ்சு நிமிஷந்தான்.

— ஒண்ணு கேக்கறேன். நிஜமாவே அவ ஆடுவாளா? இல்லை, பதினஞ்சு வயசு அதிசயம்னு போட்டோ எடுத்துட்டு பெஞ்சுல உக்கார வச்சுடுவீங்களா?

— சென்ற வாரம் பயிற்சியில் எங்கள் அணித்தலைவியை அவள் மூன்று முறை கடந்து போனாள். தலைவிக்கு முப்பத்திரண்டு வயது, தேசிய அணியில் ஆடியவர். மூன்றாவது முறை அவர் நின்றுவிட்டார். பயிற்சியாளரிடம் போய், இந்தப் பெண் தரையைப் பார்க்காமல் எப்படி இப்படித் திரும்புகிறாள், யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்டார்.

— கேட்டியா மிர்த்தலா?

— கேட்டேன்.

— வாத்து. வாத்துதான் கத்துக் குடுத்துச்சு. இங்க வழுக்காம திரும்பத் தெரிஞ்சவளுக்கு உங்க பட்டுக் கம்பளம் எம்மாத்திரம். குடு அந்தத் தாளை.

— கொமாத்ரே, நெசமாவா?

— பேனா வேண்டாம், என்கிட்ட இருக்கு. பச்சை மை செல்லுமில்ல?

— செல்லும். நடந்ததை மட்டும், தங்கள் சொற்களிலேயே எழுதுங்கள்.

— ஒதிலியா மெஹீயா எழுதிக் குடுக்கறது. பத்தொன்பது வருஷமா இந்த லீக்குக்குத் தலைவி. தாமாரிஸுக்குப் பதினோரு வயசு ஆனப்ப, ஆளு கொறைஞ்சதால, பதினெட்டுன்னு கார்டு போட்டது நான். அவ பல்லு அந்த வாரந்தான் விழுந்துச்சு, அதை நான் கண்ணால பாத்தேன். இந்தத் தப்பு லீக்குல வேற யாருக்கும் தெரியாது...

— எல்லாருக்கும் தெரியுமே. பதினாலு டீமுக்கும் தெரியும்.

— உன்னை யாரு கேட்டா? நீ பந்தைப் பாரு.

— அம்மையீர், உண்மையை மட்டும்.

— சரி, சரி. எல்லாருக்கும் தெரியும், ஆனா போட்டது நான் ஒருத்திதான். அதனால இன்னையிலேர்ந்து தலைவி பதவியை விட்டுடறேன். பார்க் ஆபீஸ்ல கேட்டா, பொய் சொன்ன கெழவி போயிட்டா, புதுத் தலைவி ருத்திலியா, அவ ஒரு பொய்யும் சொன்னதில்லைன்னு இதைக் காட்டுங்க. அப்பவாவது மைதானத்தை விட்டு வைப்பாங்க. கீழ கையெழுத்து.

— ருத்திலியாவா? இப்பத்தானே அவதான் காட்டிக் குடுத்தான்னு சொன்னீங்க.

— நல்லவதான். வாய்தான் பெரிசு. கணக்கா நடத்துவா.

— கொமாத்ரே, பத்தொன்பது வருஷம்...

— அழாதே. க்ளவுஸ் போட்ட கையால கண்ணைத் தொடைச்சா சேறு உள்ள போகும். விசில் அடிச்சுட்டான் பாரு. ஒண்ணுக்கு ஒண்ணு. ஏழு பேரை வச்சுக்கிட்டு அதுவே பெரிசு. இங்க வா, வலைக்கு இந்தப் பக்கம் வா.

— உங்க கையைக் குடுங்க. நான் உங்களைக் கண்டபடி பேசிட்டேன்.

— பெத்தவ பேசத்தான் பேசுவா. முடிஞ்சுதா ஹார்ட்விக்? அந்தச் சட்டையை அவளுக்குக் குடுத்துடுவீங்கல்ல?

— நாளை காலை பத்து மணிக்கு. தாங்கள் இருவரும் வர வேண்டும். இன்னும் ஒரு விவரம் மட்டும் பாக்கி. அறிவிப்பில் 'முந்தைய அணி' என்று ஓர் இடம் இருக்கிறது. எங்கள் பயிற்சிப் பள்ளியின் பெயரைப் போட்டிருந்தோம். இந்தத் தாளின்படி, பதினோரு வயதிலிருந்தே அவள் இங்கே ஆடியிருக்கிறாள். என்ன பெயர் எழுதட்டும்?

— நெசமாவா? எங்க பேரைப் போடுவீங்களா?

— உண்மை அதுதானே.

— எல் சபோத்தே. நாங்க விட்டுட்டு வந்த ஊரு பேருதான் டீமுக்கும். தார் ரோடுகூடக் கிடையாது அந்த ஊருக்கு. எழுத்தைச் சொல்லட்டுமா?

— தேவையில்லை. என்னிடம் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. அட்டையின் நகலோடு வந்த கடிதத்தில்.

— கடிதமா? அந்தப் புகார்க் கடிதமா?

— புகார் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லையே. எங்கள் வக்கீல்தான் அப்படி நினைத்துக்கொண்டார். பெயர் போடாத கடிதம். வாசிக்கிறேன். 'ஐயா, அம்மா, இந்தப் பொண்ணு ஆகாசத்துலேர்ந்து குதிக்கல. உங்க பயிற்சிப் பள்ளியிலேர்ந்தும் வரல. எங்ககிட்டேர்ந்து வந்தா. ஆதாரத்துக்கு அவ கார்டை வச்சிருக்கேன், பின்பக்கம் பாத்துக்குங்க. பேப்பர்ல போடும்போது எல் சபோத்தேன்னு போடுங்க. எங்க பொம்பளைங்க அதைப் படிச்சுப் பாக்கணும்.'

— காட்டுங்க அந்தக் கடிதத்தை... கொமாத்ரே, இது பச்சை மை.

— பின்பக்கத்தைக் காட்டத்தான் அனுப்பினேன் மிர்த்தலா. நூத்தி நாப்பத்தி மூணு கோல். கார்டுக்கு முன்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு ஞாபகம் வரலை.